சிவப்புக் கோடு மைனஸ் பக்கம்

1

நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் 'வெளியே வாழும் நம்மவர்' பகுதிக்கு எழுதச் சொல்லி ஆசிரியர் மூன்றாவது முறையாகப் போன் செய்துவிட்டார். போன மலரில் கத்தாரிலிருந்து ஒருவர் மணல்காற்றைப் பற்றியும் கனடாவிலிருந்து ஒருவர் பனி அள்ளுவதைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். நான் இருப்பது பெங்களூரு ஈஜிபுராவில். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம்.

"இதுக்கெல்லாம் புலம்பெயர்ந்ததுன்னு பேரு வச்சா பனி அள்ளுறவரு கோவிச்சுக்கிட மாட்டாரா?" என்று கேட்டேன்.

"மொழி மாறிருச்சுல்லண்ணே, அது போதும். எழுதுங்க" என்றார்.

சரி, எழுதுகிறேன். நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது. வெள்ளிவிழா கொண்டாடியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் மகளின் பெட்டியில் புகை வரவைத்தேன். நல்ல செய்தி வேண்டும் என்பவர்கள் நேராகக் கத்தார்க்காரர் பக்கத்துக்குப் போய்விடலாம்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் எலெக்ட்ரீஷியன். வீட்டு வயரிங், யு.பி.எஸ். பொருத்துவது, பேட்டரி மாற்றுவது. ஈஜிபுராவில் பாதி வீட்டுக்கு எந்த ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மனைவி வசந்தா இங்கேயே பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் பேசும் தமிழ் எனக்கே பாதி புதுசாக இருந்த காலம் உண்டு. ஒரே மகள் யாழினி, பி.காம். கடைசி வருடம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கடைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினால் 'துவரம்பருப்பு' என்பதைக் கன்னட எழுத்தில் எழுதிவைப்பாள். நான் தெருவில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்து வாங்கி வருவேன்.

அவளுக்கு இசைப் பைத்தியம். வீணை, வயலின் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சூட்கேஸ் அளவுக்குப் பெட்டி. அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்ன அலுமினியத் தகடுகள், அதில் குமிழ்களும் ஓட்டைகளும். ஒவ்வொரு தகடும் ஒரு மாட்யூல். ஒன்று சத்தம் எழுப்பும், ஒன்று சத்தத்தைச் செதுக்கும், ஒன்று தாளத்தை எண்ணும். கலர் கலர் ஒயர்களால் இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்கு இணைத்துக்கொண்டே போனால் அதுதான் வாசிப்பது. குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒவ்வொன்றாக வாங்கினாள்.

அதிலிருந்து வருகிற சத்தத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: விசைத்தறி. டடக் டடக், டடக் டடக். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு தறி ஓடியது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சத்தம் பிடிக்காமல்தான் ஊரைவிட்டே ஓடிவந்தேன். என் மகள் அதைக் காசு கொடுத்து வாங்கி ஹாலில் வைத்திருக்கிறாள்.

இதில் இன்னொரு வகை மாட்யூல் இருக்கிறது. யூட்டிலிட்டி என்பார்கள். அதற்கென்று சத்தமே கிடையாது. ஒரு சிக்னலை நாலாகப் பிரிக்கும், ரொம்பப் பெரியதைக் குறைக்கும், மேலே போவதைக் கீழே திருப்பும், நாலைக் கலந்து ஒன்றாக்கும். "சத்தமே போடாத பெட்டிக்கு இவ்வளவு விலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது இல்லைனா மத்ததெல்லாம் ஒண்ணுகூட ஒண்ணு பேசாதுப்பா. எல்லாம் சும்மா கத்திட்டிருக்கும்" என்றாள்.

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அப்போதாவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

இந்த வருடம் அவள் முதல்முறையாகத் தனியாக வாசிக்கப் போகிறாள் என்று தெரிந்தது. இந்திராநகரில் ஒரு காபிக் கடையின் மாடி ஹால், சனிக்கிழமை சாயங்காலம், நாற்பது நிமிடம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வசந்தா சொன்னாள். என்னைக் கூப்பிடுவாளா என்று காத்திருந்தேன். இருபது வயதுப் பெண்ணிடம் "நானும் வரட்டுமா" என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அவளாகக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு. இரண்டு மாதமாக இதே நினைப்பு.

3

அந்த நிகழ்ச்சிக்காக அவள் ஜெர்மனியிலிருந்து ஒரு யூட்டிலிட்டி மாட்யூல் வரவழைத்தாள். நாலு குமிழ், பன்னிரண்டு ஓட்டை. உள்ளங்கையில் அடங்கும். அது வந்து சேர ஏழு வாரம் ஆனது. அதற்குக் காரணம் ஜெர்மனிக்காரன் இல்லை, நான்தான்.

பார்சல் நம் நாட்டுக்குள் வந்ததும் கூரியர் ஏஜென்ட் ஒருவர் போன் செய்தார். யாழினி காலேஜில் இருந்ததால் என் நம்பருக்கு வந்தது. பாதி கன்னடம், பாதி இந்தி. "ஒளகே ஏனு இதே?" உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். மியூசிக் சாமான் என்றேன். "கீபோர்டா, கிட்டாரா?" இரண்டும் இல்லை என்றேன். சத்தம் வருமா? வராது. அப்புறம் எப்படி மியூசிக்? நியாயமான கேள்வி. எனக்கே தெரியாதே.

அப்போது அவர் கேட்டார்: "சிக்னல் ஏனாதரூ ஹோகுத்தா சார்?"

சிக்னல் எதுவும் போகுமா என்கிறார். தொழில் தெரிந்தவன் என்ற திமிரில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஹோகுத்தே சார், பருத்தே சார். நால்கு கடே ஹோகுத்தே" என்றேன். போகும், வரும், நாலு பக்கமும் போகும்.

அவ்வளவுதான். மறுநாள் கடிதம் வந்தது. வயர்லெஸ் கருவி இறக்குமதி செய்வதற்கான அனுமதிப் பத்திரம் வேண்டுமாம். ஒயரை மாட்டினால்தான் எதுவுமே போகும் என்கிற ஒரு சாமானை நான் வாக்கி-டாக்கி ஆக்கிவிட்டேன்.

யாழினி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பர்வாகில்லப்பா. பிடு" என்றாள். பரவாயில்லை, விடு.

4

வயர்லெஸ் இல்லை என்று நிரூபித்து முடிப்பதற்குள் அடுத்தது ஆரம்பித்தது. இதை வெளியே இருக்கும் நம்மவர் அத்தனை பேரும் அனுபவித்திருப்பீர்கள். ஆதாரில் அவள் பெயர் யாழினி, பக்கத்தில் என் முதலெழுத்து மா. ஜெர்மனிக்காரன் படிவத்தில் குடும்பப்பெயர் இல்லாமல் நகராதாம். அதனால் மாரியப்பன் என்று போட்டிருக்கிறாள். பார்சலில் யாழினி மாரியப்பன். ஆதாரில் யாழினி மா. இரண்டும் ஒரே ஆள் இல்லை என்கிறார் ஏஜென்ட்.

"மாரியப்பன் மேடம் இருக்காங்களா?" என்று தினமும் போன். நான்தான் மாரியப்பன் என்றால், "அப்ப பார்சல் உங்களுதா?" என்பார். இல்லை, மகளுடையது. "மகள் பேரு?" யாழினி. "மாரியப்பன் யாரு?" நான். இப்படியே சுற்றும். ஒருநாள் கோபத்தில், "சார், எங்க ஊர்ல அப்பன் பேரு ஒரே ஒரு எழுத்துதான் சார், ஓரமா நிக்கும், அவ்வளவுதான் எங்களுக்கு இடம்" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவர் அமைதியாக, "அதை ஒரு லெட்டர்ல எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க" என்றார். எழுதி அனுப்பினேன். என் மகளுக்கு நான் அப்பாதான் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கூரியர் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்கும் அவள் சொன்னது அதே "பர்வாகில்லப்பா, பிடு"தான்.

5

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, புதன்கிழமை, பார்சல் வந்தது. வியாழக்கிழமை காலையில் அவசர அவசரமாக அதைப் பெட்டிக்குள் வைத்து, கரண்டு கேபிளை மட்டும் செருகிவிட்டு, திருகாணி முடுக்க நேரமில்லாமல் அப்படியே தொங்கவிட்டுவிட்டுக் காலேஜுக்கு ஓடினாள்.

மத்தியானம் சாப்பிட வந்தேன். தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கை அரித்தது. கிட்டே போய் எட்டிப் பார்த்தேன்.

கரண்டு கேபிள் தட்டையான சாம்பல்நிற ரிப்பன். பத்து ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரத்து ஒயரில் மட்டும் நீளத்துக்கும் சிவப்புக் கோடு. அந்தச் சிவப்பு மாட்யூலில் எந்தப் பக்கம் செருகியிருக்கிறது என்று மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: மைனஸ் பன்னிரண்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உங்களில் தொழில்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பேட்டரியில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். இதில் கைவைத்து நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பெங்களூரு வந்த முதல் மாதம், கோரமங்களாவில் ஒரு பெரிய வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டும்போது இரண்டையும் மாற்றிக் கொடுத்து வெடிக்கவைத்தேன். வேலை போனது. இரண்டு வாரம் ஊருக்குப் போன் செய்யவே இல்லை. அன்றிலிருந்து சிவப்பைப் பார்த்தால் கை தானாகப் பிளஸ்ஸுக்குப் போகும். தூக்கத்தில் எழுப்பிக் கொடுத்தாலும் தப்பாக மாட்டமாட்டேன்.

பிள்ளை அவசரத்தில் மாற்றிச் செருகிவிட்டது, நல்லவேளை நான் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கேபிளைப் பிடுங்கி, திருப்பி, சிவப்பைப் பிளஸ் பக்கம் செருகினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் சமர்த்தாக உள்ளே போனது. நாலு திருகாணியையும் நானே முடுக்கினேன். துணியால் தகட்டைத் துடைத்தும் வைத்தேன். பார்சலோடு வந்த விவரச்சீட்டு மேசையிலேயேதான் கிடந்தது. அதன்மேல் டீ டம்ளரை வைத்து டீ குடித்தேன்.

6

சாயங்காலம் வந்தாள். மாட்யூல் ஒழுங்காகப் பொருத்தியிருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நீயே போட்டுட்டியா? தேங்க்ஸ்பா!"

அந்தத் தேங்க்ஸ் என்னிடம் ஒரு நிமிடம் இருந்தது. அடுத்தது 'சனிக்கிழமை நீயும் வாப்பா' என்பாள் என்றுகூட எண்ணிவிட்டேன். அவள் சுவிட்சைப் போட்டாள்.

முதலில் நாற்றம். சமையலறையிலிருந்து வசந்தா, "இன்னா நாத்தம் இது? வயரு எரியற மாரி கீதே!" என்று ஓடிவந்தாள். நாலு குமிழுக்கு நடுவிலிருந்து நூல்போலப் புகை. யாழினி ஒயரைப் பிடுங்கினாள். திருகாணிகளைக் கழற்றினாள். மாட்யூலை வெளியே இழுத்துக் கேபிளைப் பார்த்தாள்.

"அப்பா, இத யாரு தொட்டது?"

"நான்தான்த்தா. நீ மாத்திப் போட்டிருந்த. நான்தான் சரி பண்ணேன்."

அவள் மற்ற மாட்யூல் ஒன்றைக் கழற்றிக் காட்டினாள். அதிலும் சிவப்பு மைனஸ் பக்கம். இன்னொன்றைக் காட்டினாள். அதிலும் அப்படியே. உலகம் முழுக்க இந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் சிவப்புக் கோடு மைனஸ்தானாம். எவன் வைத்த சட்டமோ! விவரச்சீட்டிலேயே படம் போட்டிருந்தது. டம்ளர் வட்டத்துக்கு நடுவில்.

"இன்னா பண்ணி வெச்சிருக்க நீ? ஏழு வாரம் அந்தப் பொண்ணு காத்துகினு கெடந்துதே!" என்று வசந்தா ஆரம்பித்தாள். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாழினி அவளையும் தடுத்துவிட்டாள்.

"பர்வாகில்லம்மா. பிடு." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே யாரிடமோ கன்னடத்தில் பேசும் குரல் கேட்டது. எங்களிடம் பேசாத வேகத்தில் பேசினாள்.

எனக்கு அந்த 'பிடு'வின் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. என் அப்பா என்னைத் திட்டினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். நானும் பதிலுக்குக் கத்துவேன். சோறு சாப்பிடும்போது சரியாகிவிடும். இவள் விடு விடு என்று சொல்லிச் சொல்லி என்னையே விட்டுவிட்டாள் என்று தோன்றியது.

7

வெள்ளிக்கிழமை ஒத்துக்கொண்ட வேலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு மாட்யூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாலு கால் ஐ.சி. சில்லு இரண்டு செத்திருந்தன. பக்கத்தில் மிளகில் பாதி அளவுக்கு இரண்டு ரெசிஸ்டர் கருகியிருந்தன. எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பழையதை எடுத்து, புதிதுக்கு ஈயம் வைத்தேன். வீட்டு வயரிங்குக்குப் பழகிய என் விரல்கள் அதற்கு உலக்கை மாதிரி.

சோதித்துப் பார்க்க அவள் பெட்டியைத் தொடப் பயம். என்னிடம் இருந்த இரண்டு யு.பி.எஸ். பேட்டரியைத் தொடராகப் போட்டு, நடுவைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டேன். ஒரு முனை பிளஸ் பன்னிரண்டு, மறுமுனை மைனஸ் பன்னிரண்டு. பத்திரத்துக்கு இரண்டு பக்கமும் சின்ன பல்பு போட்டேன்; உள்ளே எங்காவது தப்பு இருந்தால் அது எரிந்து காட்டிக்கொடுக்கும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இங்கே மைனஸ் என்பது வெறும் திரும்பி வரும் வழி இல்லை. அதற்கும் பிளஸ் அளவுக்கு வேலை இருக்கிறது. கோடு போட்டது முதல் ஒயர் எது என்று காட்ட மட்டும்தான். நிறத்துக்கு ஓர் அர்த்தமும் இல்லை. இருபத்தைந்து வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு கோட்டைப் படிக்கத் தெரியவில்லை.

பல்பு எரியவில்லை. ஐ.சி. சூடாகவில்லை. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு குமிழாகத் திருப்பினேன். நாலும் குறைத்தது, கூட்டியது, திருப்பியது. ஜெயித்துவிட்டேன் என்று வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எனக்கு இன்னா தெரியும், அதுங்கிட்ட காட்டு" என்றாள்.

8

சனிக்கிழமை நாலு மணிக்கு யாழினி கிளம்பிக்கொண்டிருந்தாள். மாட்யூலை அவள் முன்னால் வைத்தேன்.

"ரெடியாயிருச்சுத்தா. ரெண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாத்துட்டேன்."

எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நீட்டா பண்ணியிருக்கப்பா" என்றாள். மேசையிலேயே வைத்துவிட்டாள். பெட்டியில் அந்த இடத்தில் வேறு ஒரு தகடு இருந்தது. சிநேகிதியிடம் இரவல் வாங்கியதாம். இரண்டு குமிழ்தான். அதற்கேற்றபடி வாசிப்பையே மாற்றிவிட்டாளாம்.

"ஷோல ரிஸ்க் எடுக்க முடியாதுப்பா."

ஈஜிபுராவில் மெயின் போர்டைத் திறந்துவைத்துவிட்டு என்னை நம்பிக் கோயிலுக்குப் போகிற வீடுகள் இருக்கின்றன. என் வீட்டில் என் வேலை ரிஸ்க். பொறுக்க முடியவில்லை.

"என்னைய திட்டவாவது செய்யேன்! ஏழு வாரமாச்சு, பிடு பிடுன்னு. நான் என்ன வாடகை வீட்டுக்காரனா? பெத்தவன்தான நான்? திட்டுத்தா!"

பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"திட்டினா நீ ரெண்டு நாள் சாப்பிட மாட்ட. அம்மா என்னைப் பாத்து அழும். அதான் பிடுன்னு சொல்றேன். ஐசி போனதுக்கு எனக்குக் கோபமே இல்லப்பா. உன் டூல் பேகை நான் கேக்காம என்னிக்காவது தொட்டிருக்கேனா? ஒரு ஸ்க்ரூ டிரைவர்? சின்னதுலேர்ந்து? நீ ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? ஏன் யாழு சிவப்பு இங்க இருக்குன்னு ஒரு வார்த்தை? உனக்கு அது என் பெட்டின்னே தோணலப்பா. உன் வீட்ல இருக்கற ஒரு பெட்டி, அவ்ளோதான்."

யார் வீட்டுக்குப் போனாலும், மெயின் சுவிட்சைத் தொடுவதற்கு முன் "அணைக்கலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கைவைப்பேன். அந்த வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை மட்டும் இருந்தால் அதையும் கேட்பேன். என் மகளை நான் எதற்குமே கேட்டதில்லை.

கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இத்தனை நாளும் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நான் குறுக்கே போய்ப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். வழக்கம்போலக் கை நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"யாழு, நான் தூக்கவா?"

அவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். யோசித்தாள். எனக்காக அவள் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"கீழ வரைக்கும்" என்றாள்.

மூன்று மாடியும் அவளுக்குப் பின்னால் மெதுவாக இறங்கினேன்.